இயற்பியலிலும் கணக்கிலும் படித்தவர்கள்கூடத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிற அடிப்படை விஷயங்கள் எவை?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வருகிற பதில், இறகும் இரும்புக் குண்டும் வெற்றிடத்தில் ஒன்றாக விழும் என்பது. சரியான பதில்தான், ஆனால் அதைத் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. நான் மன்னார்குடிப் பக்கம் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர்களும் சரி, அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாக்களும் சரி, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒரு அளவைப் பார்த்துவிட்டு அதை வேறொரு அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். டெல்டாவில் தினமும் நடக்கிற விஷயங்களிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் மேட்டூர். ஜூன் பிறந்தால் டீக்கடையில் முதல் பேச்சே நீர்மட்டம்தான். முழு நீர்மட்டம் 120 அடி, அதனால் 60 அடி இருந்தால் அணை பாதி நிறைந்திருக்கிறது என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். உயரம் பாதி என்றால் தண்ணீரும் பாதி என்பது பக்கங்கள் நேராக நிற்கிற தொட்டிக்குத்தான் பொருந்தும். அணை இருப்பது பள்ளத்தாக்கில், அடியில் குறுகி மேலே போகப் போக விரிகிற இடம். 120 அடியில் 93.47 டி.எம்.சி. கொள்கிற மேட்டூரில் 60 அடிக்குச் சுமார் 25 டி.எம்.சி.தான் இருக்கும், அதாவது கால்வாசியைக் கொஞ்சம் தாண்டி. 100 அடியில் சுமார் 65. மேலே இருக்கிற அந்தக் கடைசி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்கியிருக்கிறது, அடியிலிருந்து 60 அடி வரைக்கும் இருப்பதைவிட அதிகம். ஆகவே 119-லிருந்து 120 ஆவதும் 40-லிருந்து 41 ஆவதும் ஒரே 'ஒரு அடி' இல்லை.

அதே செய்தியிலேயே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. "பத்தாயிரம் கன அடி திறந்துட்டாங்க" என்கிறோம். அது தண்ணீரின் அளவு இல்லை, ஒரு விநாடிக்கு எவ்வளவு என்கிற வேகக் கணக்கு. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஒரு நாளைக்கு 86,400 விநாடி, வகுத்துப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், இருப்பு இவ்வளவு, திறப்பு இவ்வளவு, வரத்து இவ்வளவு என்று பேப்பரில் பார்த்ததும் குறுவைக்கு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே போட்டுவிடலாம். பிள்ளைகளுக்கு வேகத்தையும் தூரத்தையும் பிரித்துச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது மோட்டார். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், இதில் பணம் வீணாவதை நிறையப் பார்க்கிறேன். பில்டர் பாயிண்ட், அதாவது அதிக ஆழமில்லாத குழாய்க் கிணறு போட்டு மேலே மோட்டார் வைத்திருப்பார்கள். கோடையில் நிலத்தடி நீர் கீழே இறங்கிவிடும், மோட்டார் வெறுமனே ஓடும், தண்ணீர் வராது. உடனே 'அஞ்சு எச்.பி. இழுக்கல, ஏழரை போட்டா இழுக்கும்' என்று புது மோட்டார் வாங்கிவிடுவார்கள். அதுவும் இழுக்காது, ஏனென்றால் எந்த மோட்டாரும் தண்ணீரை இழுப்பதே இல்லை. மோட்டார் செய்கிற வேலை, குழாய்க்குள் இருக்கிற அழுத்தத்தைக் குறைப்பது மட்டும். தண்ணீரைக் கீழே இருந்து மேலே தள்ளுவது வெளியில் இருக்கிற காற்று. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போதும் இதேதான் நடக்கிறது. நம் வாயில் அழுத்தம் குறைகிறது, காற்று இளநீரை மேலே தள்ளிவிடுகிறது.

காற்றின் அழுத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அதனால் சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடி உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்கி நிறுத்த முடியும். குழாய்க்குள் முழு வெற்றிடமே உண்டாக்கினாலும் அவ்வளவுதான். உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் 25 அடி தேறினாலே பெரிய விஷயம். கிணற்றுப் பம்பில் ஒரு உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏற மாட்டேன் என்கிறதே என்று கலிலியோ 1638-ல் வந்த தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். ஆனால் காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் உடனிருந்த டாரிசெல்லிதான் சில வருஷங்களில் பாதரசத்தை வைத்து, தள்ளுவது காற்றுதான் என்று காட்டினார், பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றது.

எச்.பி.யைக் கூட்டினால் மோட்டாருக்கு மேலே தண்ணீர் போகிற உயரம் கூடும், மோட்டாருக்குக் கீழே இருக்கிற ஆழம் கூடாது. அதனால்தான் நம் பெரியவர்கள் பக்கத்தில் குழி வெட்டி மோட்டாரையே கீழே இறக்கினார்கள். காரணம் சொல்லத் தெரிந்திருக்குமோ என்னவோ, செய்தது முழுக்கச் சரியான இயற்பியல். சப்மெர்சிபிள் எவ்வளவு ஆழத்திலிருந்தும் எடுக்கிறதே என்றால், அது தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு மேலே தள்ளுகிறது, உறிஞ்சவே இல்லை.

சரி, நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வருவோம். மனப்பாடமாக எல்லோரும் சொல்வார்கள், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். திருவாரூர் ஆழித்தேரை நாம் வடத்தைப் பிடித்து எவ்வளவு விசையோடு இழுக்கிறோமோ அதே அளவு விசையோடு தேரும் நம்மைப் பின்னால் இழுக்கிறது என்றால், இரண்டும் சமமாகிக் கழிந்துவிடுமே, அப்புறம் தேர் எப்படி நகர்கிறது?

கழியாது. ஒன்று தேர் மேல் இருக்கிற விசை, இன்னொன்று நம் மேல் இருக்கிற விசை. உங்கள் கடனையும் பக்கத்து வீட்டுக்காரர் வரவையும் ஒரே நோட்டில் கழிக்க முடியாது, அவரவர் கணக்கு அவரவருக்கு. தேரின் கணக்கில் வடம் முன்னால் இழுக்கிறது, சக்கரமும் அச்சும் கொடுக்கிற எதிர்ப்பு பின்னால் இழுக்கிறது, முதலாவது பெரிதாக இருந்தால் தேர் நகரும். நம் கணக்கில் வடம் பின்னால் இழுக்கிறது, தரை நம் பாதத்தை முன்னால் தள்ளுகிறது. ஆமாம், தரைதான். நாம் காலை ஊன்றித் தரையைப் பின்னால் உதைக்கிறோம், தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. வீதியில் எண்ணெய் கொட்டிக் கிடந்தால் ஆயிரம் பேர் பிடித்தாலும் வழுக்கி விழுவார்களே தவிர, தேர் அசையாது.

தேரை வைத்தே இன்னொன்றும் சொல்லலாம். சுமார் 300 டன் என்று சொல்லப்படுகிற அந்தத் தேர் மெதுவாகத்தானே போகிறது, நிறுத்துவதற்கு எதற்கு முட்டுக்கட்டைக்காரர்கள், எதற்கு ஹைட்ராலிக் பிரேக்? விநாடிக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உந்தம் (நிறை × வேகம்), மணிக்கு 54 கிலோமீட்டரில் வருகிற 10 டன் பஸ்ஸின் உந்தத்துக்குச் சரிசமம். ஆனால் இயக்க ஆற்றலை (நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி) போட்டுப் பார்த்தால் பஸ்ஸுக்கு 30 மடங்கு அதிகம். இரண்டும் ஒன்று என்று நினைக்கிற பிள்ளைகள்தான் அதிகம், பிளஸ் டூ முடித்த பிறகும். ஒரே அளவு பிரேக் விசையை இரண்டுக்கும் கொடுத்தால், நிற்பதற்கு ஆகிற நேரம் ஒன்றாகவே இருக்கும், அதை உந்தம் தீர்மானிக்கிறது. நிற்பதற்குள் போகிற தூரமோ பஸ்ஸுக்கு 30 மடங்கு, அதை ஆற்றல் தீர்மானிக்கிறது. ஒரு மோதலில் எவ்வளவு நசுங்கும் என்பதும் பெரும்பாலும் ஆற்றலைப் பொறுத்தது, அதனால் பைக்கில் 40-லிருந்து 80-க்குப் போனால் ஆபத்து இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும்.

சதவீதம் பற்றி ஒரே ஒரு விஷயம். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்பது விதி, மழை அடித்துவிட்ட சில வருஷங்களில் அதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். 22 சதவீதமாக இருக்கிற நூறு கிலோ நெல்லை 17 வரும் வரை காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும்? 95 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நூறு கிலோவில் தண்ணீர் 22, மற்றது 78. காயும்போது தண்ணீர்தான் போகிறது, அந்த 78 அப்படியே இருக்கும். காய்ந்த பிறகு அந்த 78 கிலோ மொத்தத்தில் 83 சதவீதம். அப்படியென்றால் மொத்தம் 94 கிலோதான், குறைவது ஆறு கிலோ. முதலில் சொன்ன சதவீதம் நூறு கிலோவுக்கு, பிறகு சொன்னது காய்ந்து சுருங்கிய மொத்தத்துக்கு. நூறு குவிண்டால் போடுகிற விவசாயிக்கு இது ஒரு குவிண்டால் வித்தியாசம், தராசு மேல் பழியைப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கும்பகோணம் பக்கத்தில் இருந்துகொண்டு ராமானுஜனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டினால் −1/12 வரும் என்று நம் ராமானுஜன் நிரூபித்தார்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பெருமையோடுதான் அனுப்புகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் சொன்னது இதைவிட நுட்பமானது. அந்தக் கூட்டல் எந்த எண்ணையும் நெருங்காது, ஏறிக்கொண்டே போகும். ராமானுஜன் 1913 பிப்ரவரி 27-ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில், தன்னுடைய கோட்பாட்டின்படி அதற்கு −1/12 என்று எழுதினார், இதைச் சொன்னால் எனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியைக் காட்டுவீர்கள் என்றும் சேர்த்தே எழுதினார். சாதாரணக் கூட்டல் இல்லை என்பது அவருக்கு மிக நன்றாகத் தெரியும். ஒரு சூத்திரம் சில எண்களுக்குக் கூட்டலாகப் பொருள்படுகிறது, அந்தச் சூத்திரத்தை அந்த எல்லைக்கு வெளியேயும் முறையாக நீட்டலாம், நீட்டினால் இந்த இடத்தில் கிடைக்கிற மதிப்பு −1/12. பள்ளிப் பாடத்திலேயே இதன் சாயல் இருக்கிறது. பெருக்குத் தொடருக்கு முதல் உறுப்பை (1−r) ஆல் வகு என்று படித்தோமே, அதில் r-க்கு 2 போட்டால் 1+2+4+8… = −1 என்று வரும். சூத்திரம் தப்பில்லை, r −1-க்கும் 1-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டோம்.

யூடியூபில் இரண்டு வரியில் காட்டுகிற 'நிரூபணம்' 1−1+1−1… = 1/2 என்றுதான் தொடங்கும். அதையே இரண்டிரண்டாகச் சேர்த்தால் 0, முதல் 1-ஐத் தனியாக விட்டுவிட்டுச் சேர்த்தால் 1. ஒரே தொடர் மூன்று விடை தருகிறது என்றால் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்க அதில் இடமில்லை என்று அர்த்தம்.

கடைசியாக நிலம். எங்கள் பக்கம் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா. புரோக்கர்கள் டேப் பிடிக்கும்போது நாலு வரப்பையும் அளந்து, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கிவிடுவார்கள். நாலு பக்கமும் 120 அடி என்றால் 14,400 சதுர அடி, சரியாக ஒரு மா. ஆனால் வயல் சாய்சதுரமாகச் சரிந்திருந்தால்? ஒரு மூலையில் கோணம் 60 டிகிரி என்றால் உள்ளே இருப்பது 12,470 சதுர அடிதான், 86 குழியும் கொஞ்சமும். உள்ளே இல்லவே இல்லாத பதின்மூன்று குழிக்கும் கொஞ்சத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்பீர்கள். சுற்றளவு மாறாமலேயே பரப்பு குறையும், வரப்பை மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது. மூலைகள் நான்கும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே அந்த முறை சரி, மற்ற எல்லா நேரமும் கூடுதலாகத்தான் காட்டும், ஒரு தடவைகூடக் குறைத்துக் காட்டாது. அதனால் நஷ்டம் எப்போதும் வாங்குகிறவருக்கே.

இதற்கு வழி, குறுக்கே மூலைக்கு மூலை டேப் பிடிப்பது. 120 அடிச் சதுரமாக இருந்தால் குறுக்கு இரண்டும் 170 அடிக்கு ஒரு சொட்டு குறைவாக வரும். நான் சொன்ன சரிந்த வயலில் ஒரு குறுக்கு 120, இன்னொன்று 208. ஒரு குறுக்கு தெரிந்துவிட்டால் வயல் இரண்டு முக்கோணமாகிவிடும், மூன்று பக்கம் தெரிந்த முக்கோணத்துக்குப் பரப்பு போடுவது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. நில அளவைத் துறையின் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்திலும் மூலைவிட்டக் கோடும், அதிலிருந்து வரப்பு முனைகளுக்குப் போகிற செங்குத்து அளவுகளும் மீட்டரில் போட்டிருக்கும். அந்த நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பத்திரம் போடுவதற்கு முன்னால் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் வயலில் குறுக்கே டேப் பிடியுங்கள்.