ஒரே வாரத்தில் இத்தனை பாடம் நடத்துகிறார்களே, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏதாவது மனத்தில் நிற்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மகள் மூன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பாசிரியர் 'இந்த வாரம் கற்றவை' என்று ஒரு தாள் கொடுத்தனுப்புகிறார். கணக்கில் நீள அளவை, அறிவியலில் விதை முளைத்தல், மொழியில் இறந்தகாலம், சமூக அறிவியலில் திசைகள் என்று அதில் வரிசையாக இருக்கிறது. ஆனால் "என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறாள். தாளை நம்புவதா, பிள்ளையை நம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அந்தத் தாளை எழுதுகிறவள். 19 ஆண்டுகளாக மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு எல்லாப் பாடமும் நானே எடுக்கிறேன். உங்கள் மகளின் ஆசிரியர் நான் இல்லை. ஆனால் கேள்வியைப் படித்ததும் என்னைக் கேட்டது போலவே சுருக்கென்றது. நீங்கள் வேலை முடிந்து வந்து, பையைத் திறந்து, சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் கசங்கிக் கிடக்கும் தாளை நீவி வாசிக்கிறவர் என்று நினைத்துக்கொள்கிறேன். வாசிக்கிறவர்களே குறைவு. அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. தாளும் பொய் சொல்லவில்லை. ஆனால் நடந்ததில் முக்கியமானது எதுவும் தாளில் இருக்காது. ஏன் என்பதற்கு என் வகுப்பில் நடந்த ஒரு வாரத்தைச் சொல்கிறேன்.

முந்தைய வாரமே சிறு கோப்பைகளில் மண் நிரப்பி பீன்ஸ் விதை ஊன்றியிருந்தோம். திங்கட்கிழமை பெரும்பாலான கோப்பைகளில் முளை தெரிந்தது. பீன்ஸ் நிமிர்ந்த தலையோடு வெளியே வராது. தண்டை வளைத்து, முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு வரும். இரண்டு வித்திலைகளையும் அதன் பிறகுதான் மேலே இழுத்தெடுக்கும். கூன் விழுந்த செடியை நேரான அளவுகோலால் எப்படி அளப்பது என்று ஒரு சிறுமி கேட்டாள். நூலை வளைவோடு ஒட்டிப் பிடித்து, பிறகு நூலை அளவுகோலில் வைத்தோம். தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், நோட்டில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், வெள்ளியன்று பட்டை வரைபடம். ஏற்பாடு அவ்வளவுதான்.

(நோட்டில் பாதிப் பேர் 'வலர்ந்தது' என்று எழுதினார்கள். நான் அறிவியல் நோட்டில் ல, ள திருத்துவதில்லை. அதை மொழிப் பாடவேளைக்கு எடுத்துக்கொண்டு போவேன். இதற்காக என்னைத் திட்ட ஒரு கூட்டமே உண்டு என்று தெரியும். எட்டு வயதுப் பிள்ளை தான் கண்டதை எழுத வருகிறபோது, முதல் சொல்லிலேயே சிவப்பு மையால் அடித்தால் இரண்டாம் வாக்கியம் வராது. இது என் அனுபவம். உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் சண்டைக்கு வரவில்லை.)

கடைசி வரிசையில் ஒரு பையன். பேச மாட்டான். அவனுடைய அளவுகள் திங்கள் முதல் வெள்ளி வரை 2, 3, 5, 6, 8 செ.மீ. எனக்குப் புதன்கிழமையே சந்தேகம். நானே போய் அளந்தேன்; 4 செ.மீ. இருந்தது, அவன் 5 என்று எழுதியிருந்தான். நூலின் நுனியை அளவுகோலின் 1-இல் வைத்து அளந்திருக்கிறான். எண்ணுவது ஒன்றிலிருந்துதானே தொடங்கும்? அவனுடைய நியாயம் அது. நான் அதைக் கேட்கவில்லை. 'கவனம் தேவை' என்று சிவப்பில் எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வரைபடம் வரைந்தபோது அவன் பட்டைகள் எல்லாமே இருக்க வேண்டியதைவிட ஒரு கட்டம் கூடுதல் உயரம். பக்கத்திலிருந்த சிறுமி, வளைவைக் கேட்டாளே அவள்தான், உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், இவன் தினமும் ஒன்று கூட்டி வைத்திருக்கிறான். ஆனால் 8-இல் 2 போனால் 6. சரியான அளவில் 7-இல் 1 போனாலும் 6. செடி வளர்ந்தது சரிதானே?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். உயரம் தவறு, வளர்ச்சி சரி. இரண்டு முனையிலும் ஒரே பிழை இருந்தால் கழித்தலில் அது அடிபட்டுப் போகும். இதை நான் பாடக்குறிப்பில் எழுதவில்லை, எந்தத் தாளிலும் 'கற்றல் விளைவு' என்று போடவில்லை. எட்டு வயதுப் பிள்ளை சொல்லி, மற்ற 33 பேரும் தங்கள் நோட்டில் போட்டுப் பார்த்தார்கள். அதற்குள் நான் எழுதிய சிவப்பு மை காய்ந்துவிட்டிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். "6 செ.மீ. வளர எத்தனை நாள் ஆனது?" என்று கேட்டேன். வகுப்பே "ஐந்து" என்றது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்து முறை அளந்தோம், சரி. ஆனால் இடையில் போனது நான்கு நாள்தான். அப்போதுதான் அந்தப் பையனின் கணக்கு நோட்டு நினைவுக்கு வந்தது. செவ்வாயன்று எண்கோட்டில் 3-இலிருந்து 5 இடம் தாண்டினால் எங்கே என்ற கேள்விக்கு 7 என்று எழுதியிருந்தான். 3-ஐயே ஒன்று என்று எண்ணியிருக்கிறான். வியாழனன்று மைதானத்தில் திசைகள் விளையாடியபோது 'வடக்கே 4 அடி' என்றால் மூன்றோடு நின்றான். நின்ற இடத்தையும் ஓர் அடியாக எண்ணியதால்.

கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று மூன்று வரியில் நான் தனித்தனியே தவறு போட்டது ஒரே முடிச்சுக்கு. கோடுகளை எண்ணுகிறான், கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை எண்ணவில்லை. கவனக்குறைவு என்று நான் எழுதியது அபாண்டம். ஐந்து நாளும் ஒரே விதியைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான். 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, பிள்ளைகள் ஏனோதானோவென்று தவறு செய்வதில்லை, தவறான ஒரு விதியைச் சரியாகப் பின்பற்றுகிறார்கள் என்று காட்டினார்கள். 402-இல் 178 போனால் 376 என்று உங்கள் மகள் எழுதினால், ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள் என்று பொருள். பயிற்சிக் காலத்திலேயே இதைப் படித்தவள்தான் நான். படித்தும் சிவப்பில் எழுதினேன்.

சின்னப் பிள்ளைகள்தான் இப்படி என்று சிரிக்க வேண்டாம். பொது ஆண்டுக் (கி.பி.) கணக்கில் பூச்சியமாம் ஆண்டு கிடையாது, 1-இல் தொடங்குகிறது. அதனால் 21-ஆம் நூற்றாண்டு 2001 ஜனவரி 1-இல்தான் பிறந்தது. உலகம் முழுக்கப் பெரியவர்கள் ஓராண்டு முன்பே கொண்டாடிவிட்டார்கள்.

அடுத்த திங்களன்று தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, 0 முதல் 10 வரை எழுதி, ஒவ்வொருவராகக் குதிக்க வைத்தேன். குதித்தால்தான் ஒன்று. அந்தப் பையன் 0-இல் போய் நின்றான். கீழே பார்த்தான். "டீச்சர், இங்கே நான் இன்னும் எங்கேயும் போகவில்லை" என்றான். அந்த ஆண்டு அவன் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், இதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? 'கணக்கு: நீள அளவை, செ.மீ.' என்றுதான் எழுதினேன். அதற்கு ஒரு பெற்றோர், "விதையை வைத்து விளையாடியது போதும், பாடம் எப்போது?" என்று குறிப்பு அனுப்பியிருந்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தாள் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குத் தொடர்பில்லைதான். அந்தத் தாளை 34 பிரதி எடுக்க வேண்டும். நகல் இயந்திரம் பூட்டிய அறையில் இருக்கிறது. சாவி ஒருவரிடம், பதிவேடு இன்னொருவரிடம். ஒரு முறை இயந்திரம் 6 தாளைக் கசக்கித் துப்பியது. ஏன் வீணாயிற்று என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தை இன்னொரு முழுத் தாளில் எழுதிக் கொடுத்தேன், அதற்கும் நகல் கேட்டார்கள். விதை, நூல், கோப்பை எல்லாம் என் கைக்காசு. அதற்கு விளக்கம் கேட்க ஆள் இல்லை. போகட்டும்.

'ஒன்றுமில்லை' விஷயத்துக்கு வருகிறேன். "என்ன படித்தாய்?" என்பது பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆறு பாடவேளையையும் அள்ளி ஒரு வாக்கியமாகச் சுருக்கச் சொல்கிறோம், எனக்கே வராது. மறந்தும் போகும், அது இயல்பு. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து 1885-இல் எழுதினார்: மறதி முதலில் வேகமாக வரும், பிறகு நிதானமாகும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நின்றது என்று கண்டார்கள். அது கல்லூரி மாணவர்களிடம் செய்தது, மூன்றாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் வகுப்பில் நான் காண்பதும் அதுவே. ஆகவே வீட்டில் பாடத்தை மறுபடி நடத்தாதீர்கள். தாளில் ஒரு வரியை மட்டும் எடுத்து, சொல்லவும் செய்து காட்டவும் கூடிய கேள்வியாகக் கேளுங்கள். விதை என்றால் "எது முதலில் வெளியே வந்தது, வேரா இலையா?" திசை என்றால் "நம் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது?" வெள்ளியன்றே கேட்க வேண்டியதில்லை, புதன்கிழமை, அவள் எதிர்பார்க்காத நேரத்தில் கேட்பது நல்லது.

இத்தனை பாடம் ஒரு வாரத்தில் அதிகமா என்றால், சில வாரங்களில் அதிகம்தான். மறைக்க என்ன இருக்கிறது? வரைபடத்தை முடிக்க ஓவியப் பாடவேளையைத் திருடியிருக்கிறேன். திசைகளை 20 நிமிடத்தில் ஒப்பேற்றியிருக்கிறேன்.

இன்றைக்கு உங்கள் மகளிடம் எண்கோடு ஒன்று வரைந்து, 3-இலிருந்து 5 இடம் தாண்டினால் எங்கே நிற்பாய் என்று கேட்டுப் பாருங்கள். 8 என்றால் நல்லது. 7 என்றால் திருத்த வேண்டாம், திட்டவும் வேண்டாம். அந்த வாரத் தாளின் பின்பக்கத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். அந்த மாதத்தில் அவர் கைக்கு வரும் உருப்படியான காகிதம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.