கூடைப்பந்து உலகக் கோப்பை: கேட்டவையும் சொன்னவையும்

சர்வதேச கூடைப்பந்து சங்கமான ஃபிபா நடத்தும் அடுத்த உலகக் கோப்பை 2027 ஆகஸ்ட் 27 அன்று கத்தாரின் தோஹாவில் தொடங்குகிறது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஆண்கள் போட்டியைப் பற்றியவை.

கேள்வி: சார், உலகத்திலேயே பெரிய லீக் என்பிஏ. அது அமெரிக்காவில்தான் நடக்கிறது. அப்படியிருந்தும் 2023-இல் அமெரிக்கா பதக்கமே இல்லாமல் திரும்பியது எப்படி?

கரி, லெப்ரான், டுராண்ட் போன்ற என்பிஏ நட்சத்திரங்கள் யாரும் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. வந்த பன்னிரண்டு பேரும் என்பிஏ ஆட்டக்காரர்களே. சில வாரப் பயிற்சியோடு வந்து இறங்கினார்கள், அதுதான் கோளாறு.

எதிரே நின்ற ஜெர்மனியைப் பாருங்கள். பயிற்சியாளர் கோர்டன் ஹெர்பர்ட் 2021-இல் பொறுப்பேற்றதும் வீரர்களிடம் கேட்டது ஒன்றுதான்: தொடர்ந்து மூன்று கோடைகாலம் தேசிய அணிக்கு வர வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோபாஸ்கெட்டில் 2022-இல் வெண்கலம் வந்தது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில் 113-111 என்று அமெரிக்காவை வீழ்த்தினார்கள். அன்று 24 புள்ளி எடுத்த ஆண்ட்ரியாஸ் ஓப்ஸ்ட் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. எந்த நொடியில் எந்த மூலையில் நின்றால் பந்து தன் கைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும், சக வீரர் டெனிஸ் ஷ்ரோடருக்கும் தெரியும். இறுதி ஆட்டத்தில் செர்பியாவை 83-77 என்று வென்று, ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்துப் போனார்கள். ஷ்ரோடர் தொடரின் சிறந்த வீரர்.

செர்பியாவும் இதே கதைதான். அவர்களின் நட்சத்திரம் யோகிச் வரவில்லை, ஆனாலும் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். உலகக் கோப்பையில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கணிப்பவர்கள் அடிக்கடி ஏமாறுவது இதனால்தான்.

கேள்வி: அந்தத் தொடரில் லித்துவேனியாவிடமும் அமெரிக்கா தோற்றதே! தோற்றும் காலிறுதிக்கு எப்படிப் போனது?

முதல் சுற்றில் நான்கு அணிகள் கொண்ட எட்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவை அடுத்த சுற்றுக்குப் போகும், அங்கே மறுபடி நான்கு அணி கொண்ட நான்கு பிரிவுகள், அவற்றிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவை காலிறுதிக்கு. முதல் சுற்றின் முடிவுகளும் கூடவே வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1, ஆடாமல் விட்டால் 0. லித்துவேனியாவும் அமெரிக்காவும் மோதும் முன்பே இரண்டுக்கும் காலிறுதி உறுதியாகிவிட்டது. லித்துவேனியா எறிந்த முதல் ஒன்பது மூன்று புள்ளி வீச்சுகளும் வரிசையாக உள்ளே விழுந்தன, 110-104 என்று ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்திலேயே செர்பியாவிடம் தோற்று வெளியேறினார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: பந்து வளையத்தின் மேல் உருண்டுகொண்டிருக்கும்போது ஒருவர் தட்டிவிட்டார். நடுவர் விசிலே ஊதவில்லை. தவறு இல்லையா?

ஃபிபா விதியில் தவறில்லை. எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், வலையைப் பிடித்து இழுப்பது, அடியிலிருந்து வளையத்துக்குள் கையை நுழைப்பது போன்ற வேலைகள் செய்யாதவரை, யார் வேண்டுமானாலும் அதைத் தட்டிவிடலாம், உள்ளேயும் தள்ளலாம். என்பிஏவில் பந்து வளையத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை தொடக்கூடாது. அங்கே ஆடிப் பழகிய உயரமான வீரர்கள் இங்கே வந்ததும் முதல் சில ஆட்டங்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல் தோன்றுவது இதனால்தான். பழக்கம் சட்டென்று போகாது.

கேள்வி: வேறு என்னென்ன வித்தியாசம்?

ஆட்டம் 48 நிமிடம் அல்ல, 40. ஆறாவது ஃபவுலில் அல்ல, ஐந்தாவதிலேயே வெளியே. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், என்பிஏவில் 7.24. டைம் அவுட்டைப் பயிற்சியாளர்தான் கேட்க முடியும், பந்தோடு மாட்டிக்கொண்ட வீரர் கை காட்டிப் பயனில்லை. தடுப்பவர் வளையத்தின் அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியும் இங்கே இல்லை. அதனால் உள்ளே புகுவதே பெரும்பாடு. என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் இந்தக் கடைசி விஷயம்தான்.

கேள்வி: அண்ணா, 2023-இல் நீங்கள் ரசித்த ஒரு தருணம்?

வெண்கலப் பதக்க ஆட்டம். கடைசி நொடிகளில் கனடா 111-107 என்று முன்னிலை. அமெரிக்காவின் மிக்கேல் பிரிட்ஜஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. முதலாவதைப் போட்டார். மூன்று புள்ளி பின்தங்கியிருக்கும்போது இரண்டாவதையும் போட்டால் பந்து கனடாவுக்குப் போய்விடும். ஆகவே வேண்டுமென்றே தவறவிட்டார். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைத் தானே பாய்ந்து எடுத்தார், மூலைக்கு ஓடினார், அங்கிருந்து மூன்று புள்ளி. 111-111. மீதி இருந்தது ஒரு நொடிக்கும் குறைவு.

சரி, இதற்கப்புறம் அமெரிக்காதான் என்று யாரும் நினைப்பார்கள். கூடுதல் ஐந்து நிமிடத்தில் கனடா 16, அமெரிக்கா 7. டில்லன் புரூக்ஸ் மட்டும் அன்று 39 புள்ளி எடுத்தார்.

கேள்வி: பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்காவில் வளர்ந்த ஜோர்டன் கிளார்க்சன், ஜோர்டானுக்கு அதேபோல் ஹாலிஸ்-ஜெஃபர்சன். காசு கொடுத்து ஆள் பிடிப்பதற்குப் பேர் தேசிய அணியா?

கோபம் புரிகிறது. அதற்காகத்தான் கட்டுப்பாடு இருக்கிறது: 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களில் ஒருவரை மட்டுமே பன்னிரண்டு பேர் பட்டியலில் வைக்கலாம். கிளார்க்சனின் தாய்வழி வேர் பிலிப்பைன்ஸ்தான், ஆனாலும் இந்த வகையில்தான் ஆடினார். எனக்கு இந்த விதியில் பெரிய குறை தெரியவில்லை. ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு யாரும் கோப்பையைத் தூக்கிவிட முடியாது.

கேள்வி: தென் சூடான் ஒலிம்பிக்குக்கு எப்படி வந்தது?

ஒலிம்பிக்கின் 12 இடங்களில் ஏழு, உலகக் கோப்பையிலேயே கண்டங்கள்வாரியாகப் பிரித்துத் தரப்படுகின்றன. ஆப்பிரிக்காவுக்கு ஒன்று. 2011-இல் சுதந்திரம் அடைந்த நாடு, 2023-இல் முதல்முறை உலகக் கோப்பை ஆடுகிறது. சீனா, பிலிப்பைன்ஸ், அங்கோலா மூன்றையும் வென்று அந்த ஒரே இடத்தைப் பிடித்தது. முன்னாள் என்பிஏ வீரர் லுவோல் டெங் அதன் சங்கத் தலைவராக இருந்து அணியைக் கட்டியெழுப்பினார். பாரிஸில் முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரீகோவையும் தோற்கடித்தார்கள்.

கேள்வி: 2014-க்கு அப்புறம் 2018-இல் ஏன் நடக்கவில்லை? 2019 என்று எப்படி வந்தது?

கால்பந்து உலகக் கோப்பை அதே ஆண்டில் வந்து வெளிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொண்டது. ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டார்கள்.

கேள்வி: அதிக முறை ஜெயித்தது அமெரிக்காதானே?

அமெரிக்கா ஐந்து, யூகோஸ்லாவியாவும் ஐந்து. அந்த ஐந்தில் 1998-ம் 2002-ம் நாடு உடைந்த பிறகு, செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்திருந்த அணி எடுத்தவை. 1950-இல் நடந்த முதல் போட்டியில் இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் அமெரிக்காவை 64-50 என்று வீழ்த்திப் பட்டம் வாங்கியது, போட்டியை நடத்திய அர்ஜென்டினா.