சட்டம் கேளுங்கள்: வழக்கு தள்ளுபடியானதை வழக்கறிஞருக்கு யார் சொல்வது?

கேள்வி: எங்கள் நிலத்துக்குச் செல்லும் பாதையில் உரிமை கோரி, மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் என் கணவர் வழக்குத் தொடுத்திருந்தார். ஒரு வாய்தாவில் எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததால் அது தள்ளுபடியாகிவிட்டது. ஐந்து வாரம் கழித்து, எதிர்த்தரப்பினர் பாதையை மறித்துச் சுவர் எழுப்பத் தொடங்கியபோதுதான் எங்களுக்கு விவரம் தெரிந்தது. நீதிமன்றத்திலிருந்து தமக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை என்கிறார் எங்கள் வழக்கறிஞர். அறிவிப்பு அனுப்ப வேண்டாமா? வழக்கு நிரந்தரமாக முடிந்துவிட்டதா?
— வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: முடிந்துவிடவில்லை, அம்மா. ஆனால் இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளிலேயே நீங்கள் வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் அறிவிப்பைப் பற்றிச் சொல்கிறேன். வழக்கு அழைக்கப்படும் நாள் வழக்கறிஞருக்கு முன்பே தெரிந்த நாள் என்பதாலும், உத்தரவு திறந்த நீதிமன்றத்தில் பிறப்பிக்கப்படுகிறது என்பதாலும், ஆஜராகாமையால் தள்ளுபடியான வழக்கைப் பற்றி வாதிக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ நீதிமன்றம் தனியே கடிதம் எழுதுவதில்லை. வக்காலத்து கொடுத்த பிறகு உங்களுக்காக நீதிமன்றத்தில் இருப்பவர் வழக்கறிஞர்தான். அவருக்குச் சார்வு செய்யப்படும் (முறைப்படி சேர்ப்பிக்கப்படும்) அறிவிப்பே உங்களுக்குச் செய்யப்பட்டதாகக் கருதப்படும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 5 கூறுகிறது. ஆகவே 'எனக்குக் கடிதம் வரவில்லை' என்பது சரியான பதில் ஆகாது. அன்றைய வாய்தாவில் என்ன நடந்தது என்பதைக் குமாஸ்தா மூலமாவது அன்று மாலைக்குள் அறிந்து, கட்சிக்காரருக்கு எழுத்தில் தெரிவிப்பது அவருடைய கடமை என்றே நான் கருதுகிறேன். வாய்மொழியாகச் சொன்னதாக இருவரும் பின்னால் வாதிடுவதில் யாருக்கும் பயனில்லை.

இப்போது உங்கள் வழக்கின் நிலை. தள்ளுபடி உத்தரவின் நகலில் பிரதிவாதி ஆஜரானதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. இரு தரப்பும் வராமல் வழக்கு தள்ளுபடியாகியிருந்தால், காலவரையறைக்கு உட்பட்டுப் புதிய வழக்கே தொடுக்க அதே சட்டத்தின் கட்டளை 9, விதி 4 இடமளிக்கிறது. பிரதிவாதி வந்திருந்து வாதி மட்டும் வராமல் போயிருந்தால், அது கட்டளை 9, விதி 8-இன்படியான தள்ளுபடி. அப்போது அதே வழக்கு மூலத்தின் (வழக்குக்கு அடிப்படையான காரணத்தின்) மேல் புதிய வழக்கு தொடுக்க விதி 9 தடை விதிக்கிறது. தள்ளுபடியை நீக்கி வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்கும்படி அதே நீதிமன்றத்தில் மனு செய்வதுதான் அப்போது உள்ள வழி. இத்தகைய தள்ளுபடி தீர்ப்பாணை (உரிமைகளை இறுதியாக முடிவுசெய்யும் ஆணை) ஆகாது என்பதால் அதன்மேல் நேரடியாக மேல்முறையீடும் கிடையாது. உங்கள் மனு நிராகரிக்கப்பட்டால், அந்த நிராகரிப்பின்மேல் கட்டளை 43-இன்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவுக்குக் கெடு 30 நாள். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்ட அட்டவணையின் 122-ஆம் கூறு, உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அன்றி, தள்ளுபடியான நாளிலிருந்தே அந்த 30 நாளைக் கணக்கிடுகிறது. ஐந்து வாரம் ஆகிவிட்டதால், மனுவோடு சேர்த்து, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ் தாக்கல் செய்ய வேண்டும். செய்தி எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் தேதியோடு எழுதுங்கள். இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அதே காரணம் அப்போது பலவீனமாகத் தோன்றும். சுவர் விஷயமும் அவசரமானது. முன்பு இடைக்காலத் தடை பெற்றிருந்தீர்கள் என்றால், தள்ளுபடியோடு அதன் பாதுகாப்பும் போயிருக்கும். எனவே சுவரைப் பற்றியும் மனுவில் குறிப்பிட்டு, அவசரமாக விசாரிக்கும்படி கேளுங்கள்.

வழக்கறிஞர் வராததற்குக் கட்சிக்காரர் தண்டிக்கப்படலாமா? ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞரை நியமித்துவிட்டு நம்பியிருந்த எளிய கட்சிக்காரர் அவருடைய தவறால் துன்புறக் கூடாது என்று கூறி, தள்ளுபடியை நீக்கியது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் அதை எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ள முடியாது என்று 1993-இல் சலீல் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த வழக்கில் வழக்கறிஞரின் தவறைக் காரணம் காட்டியது எளிய கட்சிக்காரர் அல்ல, ஒரு நிறுவனம். ஆகவே உங்கள் தரப்பிலும் அக்கறை இருந்தது என்பதைக் காட்ட வேண்டும்: வழக்கறிஞரை எப்போது சந்தித்தீர்கள், எப்போது பேசினீர்கள் என்ற விவரங்களைத் திரட்டுங்கள்.

வேறு வழக்கறிஞரிடம் போக விரும்பினால் வழக்குக் கட்டுகளை (ஆவணக் கோப்புகளை) கேட்டுப் பெறுங்கள். கட்டண பாக்கியைக் காரணம் காட்டிக் கட்டுகளை நிறுத்திவைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அலட்சியம் உறுதியாகத் தெரிந்தால் மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு மட்டும் போக முடியாது. வழக்கறிஞர் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இனிமேலாவது உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணை) எழுதி வைத்துக்கொண்டு, இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் நீங்களே பாருங்கள்.

கேள்வி: எதிர்த்தரப்போடு சமரசமாகி, கீழ் நீதிமன்ற வழக்கைத் திரும்பப் பெற இருக்கிறேன். அதே வழக்கின் இடைக்கால உத்தரவை எதிர்த்த என் சீராய்வு மனு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நிலுவையில் உள்ளது. அங்குள்ள வழக்கறிஞருக்கு நான் தெரிவிக்க வேண்டுமா?
— வாசகர், தேனி

பதில்: கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஓர் ஊரின் வழக்கறிஞர் செய்வது இன்னொரு ஊரின் வழக்கறிஞருக்குத் தானாகத் தெரியாது. வழக்கு எண், நீதிமன்றம், உத்தரவு தேதி, எந்த விதியின்கீழ் முடிந்தது ஆகியவற்றை எழுதி, உத்தரவின் சான்றிட்ட நகலோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மூல வழக்கே இல்லாமல் போனதால் சீராய்வு மனு பயனற்றதாகிவிட்டது என்று அவர் மெமோ (சுருக்கமான எழுத்துக் குறிப்பு) தாக்கல் செய்து முடித்துக்கொள்வார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் மெமோவின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவர் கையொப்பத்தை வாங்குங்கள்.

ஆனால் வெறுமனே வாபஸ் பெற்றால், மீண்டும் வழக்குத் தொடுக்க அனுமதி கேட்காத நிலையில், கட்டளை 23, விதி 1 அந்தக் கதவை மூடிவிடும். நாளை எதிர்த்தரப்பு சொல் மாறினால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. சமரச நிபந்தனைகளை எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டு, விதி 3-இன்கீழ் தீர்ப்பாணையாகவே பெறுங்கள். பிறகு அந்தத் தீர்ப்பாணையின் நகலை மதுரைக்கு அனுப்புங்கள்.