ஒரே பேடில் இரண்டு கிக்: ஏன் மெலிகிறது?

கேள்வி: கோயில் திருவிழாக் கச்சேரிகளில் ரோலண்ட் எஸ்பிடி-30 ஆக்டோபேட் (குச்சியால் தட்டி வாசிக்கும் எட்டு பேடுள்ள மின்னணு தாளக் கருவி) வாசிக்கிறேன். கிக் (டிரம் செட்டின் பெரிய டிரம் ஒலி) கனமாகக் கேட்க வேண்டும் என்று ஒரே பேடில் ஏ, பி என்ற இரண்டு அடுக்கிலும் (லேயர்) கிக் ஒலி வைத்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் பேன் செய்தேன். ஹெட்போனில் அருமையாக இருக்கிறது, மேடையில் ஒற்றைக் கிக்கைவிட மெலிந்து போகிறது. தவில் மாதிரி ஒன்று செய்து பார்த்தேன், பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டுவதுபோல இருக்கிறது.
— மதுரை வாசகர்

பதில்: ஹெட்போனில் ஒரு காதுக்கு ஒன்றாகத் தனித்தனியே போவதால் இரண்டு கிக்கும் மோதுவதில்லை. மேடையில் எல்/மோனோ துளையிலிருந்து (இடது, வலது இரண்டையும் ஒரே ஒயரில் அனுப்பும் துளை) ஒரே ஒயரை மிக்ஸருக்கு இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், திருவிழா மேடையில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். அங்கே இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒரு சுற்று வர சுமார் 17 மில்லி நொடி ஆகும், இரண்டாவது கிக்கின் அலை அதில் பாதி, அதாவது 8 மில்லி நொடி தள்ளி நின்றால் ஒன்று ஸ்பீக்கர் கோனை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், நெஞ்சில் விழ வேண்டிய அடி அங்கேயே கரைந்துவிடும். வால்யூம் ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

அதனால் இரண்டு கிக்கை அடுக்காதீர்கள். ஏ-யில் ஒரு நல்ல கிக் போதும். பி-யில் அடி அதிர்வே இல்லாத, 'டக்' என்று உடனே முடிகிற ஒன்றை வையுங்கள், ரிம் ஒலியோ (டிரம்மின் விளிம்பைத் தட்டுவது) கிளேவ்ஸோ (இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவது) எதுவாகவும் இருக்கலாம். டிகேயை (ஒலி தேய்ந்து மறைய எடுக்கும் நேரம்) நன்றாகக் குறைத்து, பி-யின் அளவை இறக்கிக்கொண்டே வாருங்கள். தனியாக இருப்பதே தெரியக் கூடாது, எடுத்துவிட்டால் மட்டும் கிக் மழுங்கினதுபோல இருக்க வேண்டும், அந்த இடத்தில் நிறுத்துங்கள். பேன் இரண்டுக்கும் நடுவில். அடுக்குவது என்றாலே வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான்: ஒன்று அடியின் தொடக்கம், மற்றது அதன் உடல்.

தவிலுக்கும் இதே கணக்குதான், ஆனால் ஒரே பேடில் முழுத் தவிலையும் தேடாதீர்கள். தவிலின் ஒரு முகமான வலந்தலையை விரல்களில் கெட்டியான கூடு மாட்டி அடிக்கிறார்கள், மறு முகமான தொப்பியைக் கம்பால் அடிக்கிறார்கள், இரண்டும் வேறு வேறு சத்தம். வலந்தலைக்கு ஒரு பேட்: காங்கா (கையால் தட்டும் உயரமான டிரம்) ஒலியின் பிட்சை (சுருதி உயரம்) நன்றாக ஏற்றி, டிகேயைக் குறைத்து, மேலே அந்தக் கூட்டின் 'சட்' வருவதற்குக் கிளேவ்ஸ் கொஞ்சம். தொப்பிக்குப் பக்கத்துப் பேடில் ஜெம்பே என்ற ஆப்பிரிக்கக் கை டிரம்மின் பிட்சை இறக்கி, மேலே மரக்கட்டை ஒலி லேசாக. உங்களுக்குக் கேட்ட அந்தப் பிளாஸ்டிக் சத்தம் பெரும்பாலும் மேல் ஒலி அதிகமாகி, உடல் இல்லாமல் போவதால் வருவது. அப்புறம் ஒன்று, தவில் முக்கியமாக வருகிற பாட்டென்றால் ஒரு தவில்காரரையே கூப்பிடுங்கள், எத்தனை அடுக்கு வைத்தாலும் அந்தக் கை பேடில் வராது.

கேள்வி: ஆக்டோபேடில் மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான் கூடிக் குறைகிறது. இயந்திரத்தனமாக இருக்கிறது.
— ஈரோடு வாசகர்

பதில்: அடியின் பலத்தை பேட் 1 முதல் 127 வரை எண்ணாக்கிக்கொள்கிறது. லேயரை, ஏ, பி இரண்டும் எப்போதும் சேர்ந்து ஒலிக்கும் சாதாரண மிக்ஸில் விடாமல் வெலாசிட்டி மிக்ஸுக்கு மாற்றுங்கள், குறிப்பிட்ட பலத்தைத் தாண்டினால்தான் பி சேரும். டோலக்கில் தட்டுக்கு ஏ மட்டும், ஓங்கின அடிக்கு மேலே கையால் அறைகிற ஒரு சத்தம். எல்லை 100-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 60-ல் வைத்தால் கிட்டத்தட்ட எல்லா அடிக்கும் பி வந்து நிற்கும். எல்லையை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், மேடையில் கை தானாக ஓங்கிவிடும், சவுண்ட் செக்கில் பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்து வையுங்கள்.