வெளிநாட்டு இலஞ்சத் தடைச் சட்டம் தளர்ந்தால் நமக்கென்ன?

அமெரிக்க நிறுவனங்கள் பிறநாட்டு அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தை அந்நாடே தளர்த்தினால், இலங்கையில் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் ஒரு துணை ஒப்பந்தகாரரிடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

போர் முடிந்தபின் வீதி வேலைகள் நடந்த காலத்தில், எங்கள் பற்றுச்சீட்டுக் கட்டில் மாதந்தோறும் ‘தேநீர்ச் செலவு’ என்றொரு தாள் இருக்கும். அந்தத் தொகைக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரையே தேநீராக்கியிருக்கலாம். அளவு பார்க்க வருபவருக்குக் கொடுத்த ‘சந்தோசம்’ அது. கிரவலின் தடிப்பைக் குறைத்து அந்தக் காசு பிடிக்கப்பட்டதை அடுத்த மாரி ஊருக்கே காட்டியது.

1977ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இலஞ்சத்தை மட்டும் தடுக்கவில்லை. பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்கள் உண்மையான கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனக்கு மதிப்பு இந்த இரண்டாம் பாதியிலேதான். 2008இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது கணக்கேட்டுக் குற்றங்களையே. அதே ஜெர்மனியில் 1990களின் இறுதிவரை வெளிநாட்டில் கொடுத்த இலஞ்சத்தைச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடிந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நமக்கு நெருக்கமானது ஐரோப்பிய விமானத் தயாரிப்பு நிறுவனமான எயார்பஸின் விவகாரம். ஸ்ரீலங்கன் விமானக் கொள்வனவில், ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் உயர் நிர்வாகி ஒருவருடைய மனைவியின் கம்பனிக்கு 20 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டதும், பிரித்தானிய ஏற்றுமதிக் கடன் நிறுவனத்திடம் அந்த மனைவியின் பெயரையும், ஆணா பெண்ணா என்பதையும்கூட மாற்றிச் சொன்னதும், 2020 ஜனவரியில் இலண்டன் நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்ட ஆவணத்தில் உள்ளன. ‘தேநீர்ச் செலவு’ எழுதிய எனக்கு அந்த உத்தி புதிதாகத் தோன்றவில்லை. கொழும்பில் கைதுகள் அதன் பிறகுதான் நடந்தன.

2025 பெப்ரவரியில் ஜனாதிபதி ட்ரம்ப், தம் நாட்டு நிறுவனங்கள் போட்டியில் பின்தங்குகின்றன என்று காரணம் காட்டி, இச்சட்டத்தின்கீழ் புதிய விசாரணைகளை 180 நாள்களுக்கு நிறுத்தினார். ஜூனில் விசாரணைகள் குறுகிய எல்லைகளோடு மீண்டும் தொடங்கின. சட்டம் நீக்கப்படவில்லை, ஆகவே இன்று கொடுப்பவர் அடுத்த ஆட்சியில் அகப்படவும் கூடும்.

ஆனால் வெளிநாட்டுக் கம்பனியின் வேலைத்தளத்தில் ‘தேநீர் என்று எழுது’ எனப் பணிக்கப்படும் கணக்காளருக்கு, ‘தலைமையகத்தின் கணக்காய்வு இதை ஏற்காது’ என்று மறுக்க ஒரு வழி இருந்தது. அந்தச் சொல்லுக்கு இனிமேல் பழைய பலம் இராது. எனக்கு அன்று அப்படிச் சொல்ல இடமே இருக்கவில்லை, எழுதினேன்.