பழைய பிரிட்டிஷ் நீராவி டிராம் எஞ்சின்கள் மேல் இன்றைக்கும் ஏன் இவ்வளவு மோகம்?

என்னைக் கேட்டால், தான் ஒரு நீராவி எஞ்சின் என்பதையே மறைத்துக்கொண்டு தெருவில் ஓடவேண்டியிருந்ததுதான் அதன் அழகு. டிராம்களை எஞ்சின் வைத்து இழுக்க அனுமதித்த 1879 பிரிட்டிஷ் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள் ரொம்பக் கறார்: புகையோ நீராவியோ கண்ணில் படக்கூடாது, சத்தம் கூடாது, சக்கரங்களைத் தகடு போட்டு மூடவேண்டும். அதனால் நிலக்கரிக்குப் பதில், அதையே சுட்டுப் புகையை நீக்கிய கோக் என்ற எரிபொருளை எரித்தார்கள். வேலை முடிந்து வெளியேறும் நீராவியைக் கூரைமேல் வரிசையாக வளைந்து கிடக்கும் மெல்லிய செம்புக் குழாய்களில் விட்டு, காற்றுப் பட்டே குளிர்ந்து தண்ணீராகும்படி செய்தார்கள். என்ன மூளை! லீட்ஸ் நகரத்து கிட்சன் கம்பெனி மட்டுமே இப்படி 300-க்கும் மேல் கட்டியது. அப்புறம் மின்சார டிராம் வந்தது, இவற்றின் காலம் முடிந்தது. அயர்லாந்தின் போர்ட்ஸ்டூவர்ட்டில் ஓடிய கிட்சன் எஞ்சின் ஒன்று இங்கிலாந்தின் ஹல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போனால் முதலில் கூரையைப் பாருங்கள்.