தவளைக்குக் கால் எங்கே?

அன்புள்ள அக்கா,

சில வருஷமாக உங்கள் தளத்தைப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

அரையாண்டு விடுமுறையில் என் ஏழு வயது மகளுக்காக ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கரோல்’ என்ற பொம்மைப் படத்தைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல மூக்குக்காரன் ஒருவன் எலியைப் பிடித்து ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தான். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் போனைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் படம் முடியும்வரை எடுக்கவில்லை. கடைசியில் அந்தத் தவளைக் குடும்பத்தில் பையன் இறந்துபோய், அடுப்போரம் அவனுடைய ஊன்றுகோல் மட்டும் இருக்கும் இடம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்பா, அந்தத் தவளைக்குக் கால் எங்கே?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆபீஸில் சொன்னேன். “சின்ன வயசு ஞாபகம் வந்திருக்கும்” என்றார் நண்பர். ஆனால் சின்ன வயதில் நான் இதைப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் தூர்தர்ஷன் மட்டும்தான். மகள் அதே படத்தை இப்போது ஐந்தாவது தடவை கேட்கிறாள். கம்ப்யூட்டரில் செய்த அழகழகான படங்கள் எத்தனையோ இருக்க, ஜிம் ஹென்சன் துணியிலும் பஞ்சிலும் எடுத்த முப்பது வருஷப் பழைய படம் எங்கள் இருவரையும் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது?

ர., ஈரோடு

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, இந்தப் பொம்மைகளை நீங்கள் சின்ன வயதில் பார்த்ததில்லை என்பது. மப்பெட் படங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ‘பழைய நினைவு’ என்று முத்திரை குத்தி முடித்துவிடுவார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது ஓரளவுக்குப் பொருந்தும். 1976 முதல் 1981 வரை ‘தி மப்பெட் ஷோ’ என்ற டிவி நிகழ்ச்சி 120 பகுதிகள் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டுகிறார்கள். உங்களுக்கு அப்படி ஒன்றுமில்லை. வளர்ந்து ஆளான பிறகு, பாதிக் கவனத்தோடு, முதல் தடவையாகப் பார்க்கிறீர்கள். அப்படியும் கண் கலங்குகிறது என்றால் காரணம் உங்கள் பால்யத்தில் இல்லை, படத்துக்குள் இருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தம். இந்தப் படத்தை இயக்கியவர் மப்பெட்களை உருவாக்கிய ஜிம் ஹென்சன் இல்லை, அவருடைய மகன் பிரையன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இயக்குநராக அவருக்கு இதுதான் முதல் படம். ஜிம் 1990 மே மாதம், 53 வயதில், பாக்டீரியா தொற்று வந்து சட்டென்று போய்விட்டார். 1955இல் அம்மாவின் பழைய கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்துக் கண் வைத்து, நீங்கள் பார்த்த அந்தத் தவளை கெர்மிட்டைச் செய்தவர் அவர். சாகும்வரை கெர்மிட்டின் கையும் குரலும் அவருடையவைதான். 1992 ஜனவரியில், அதே மப்பெட் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஹன்ட்டும் இறந்தார். அந்த வருஷ டிசம்பரில் வந்த படத்தை இருவருக்கும் சமர்ப்பித்தார்கள்.

மப்பெட் ஷோவில் பால்கனியில் உட்கார்ந்து மேடையில் வருபவர்களையெல்லாம் கேலி செய்யும் இரண்டு கிழவர்கள் உண்டு. ஸ்டாட்லர், வால்டார்ஃப். ஸ்டாட்லரை ஆட்டியவர் ஹன்ட், வால்டார்ஃபை ஆட்டியவர் ஜிம். இந்தப் படத்தில் சங்கிலிகளை இழுத்துக்கொண்டு பாட்டுப் பாடி, கதையின் கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜைப் பயமுறுத்த வரும் இரண்டு ஆவிகள் யாரென்று பாருங்கள். அதே கிழவர்கள்தான். இறந்துபோன இரண்டு பேரின் பொம்மைகளுக்குள் நண்பர்கள் கையை விட்டு, ஆவிகளாக நடிக்கவைத்து, நம்மைச் சிரிக்கவும் வைத்திருக்கிறார்கள். இது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாட்டை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

ஆனால் நீங்கள் அழுதது இதனால் இல்லை. இதெல்லாம் தெரியாமலேதான் அழுதீர்கள். படம் உங்களை எப்படி அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்க்க வேண்டும்.

நீல மூக்குக்காரன் என்றீர்களே, அவன் பெயர் கான்ஸோ. எலியின் பெயர் ரிஸ்ஸோ. கான்ஸோ தன்னை, மூலக் கதையை எழுதிய சார்லஸ் டிக்கென்ஸ் என்று சொல்லிக்கொண்டு கதை சொல்கிறான், நிறைய இடங்களில் டிக்கென்ஸின் சொந்த வாக்கியங்களிலேயே. பயமான கட்டம் வந்தபோது எலி கேட்கிறது, படம் பார்க்கும் குழந்தைகள் பயந்துவிட மாட்டார்களா என்று. அதெல்லாம் ஒன்றும் ஆகாது, இது கலாச்சாரம் என்கிற தோரணையில் பதில் சொல்கிறான் கான்ஸோ. மகள் எலியைப் பார்த்துச் சிரிக்கிறாள், நீங்கள் அந்தப் பதிலுக்குச் சிரிக்கிறீர்கள். படம் முழுக்க இந்த இரண்டு பேரும் நம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

அந்தக் கிழவர்களுக்குப் பிறகு ஸ்க்ரூஜிடம் மூன்று ஆவிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கடைசியாக வருவது மூன்றாவது. எதிர்காலத்தைக் காட்டும் ஆவி, முகமே இல்லாதது. அதைப் பார்த்ததும் இருவரும் பயந்து, முடிவில் சந்திக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் போவதும் ஒரு சிரிப்புதான். ஆனால் போன பிறகு நமக்குத் துணை இல்லை. அதுவரை ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு வேடிக்கை தந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நாமும் ஸ்க்ரூஜும் மட்டும் அவனுடைய குமாஸ்தா கிராட்சிட் (கெர்மிட்தான்) வீட்டு வாசலில் நிற்கிறோம். கெர்மிட் கல்லறைத் தோட்டத்திலிருந்து வருகிறான். பையனுக்கு மேட்டில் ஓர் இடம் பார்த்திருப்பதாகவும், அங்கிருந்து பார்த்தால் ஆற்றில் வாத்துகள் தெரியும் என்றும் சொல்கிறான். சந்திப்பதும் பிரிவதுமாகத்தான் வாழ்க்கை என்று பிள்ளைகளிடம் சொல்கிறான். அந்த இடத்தில் ஒரு சின்ன ஜோக் வைத்துக் கனத்தைக் குறைத்திருக்கலாம். வைக்கவில்லை. சிரிப்புப் படம் எடுப்பவர்கள் சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். எனக்கு இந்தப் படத்தின் மேல் மரியாதை வந்தது இங்கேதான்.

சரி, ஆனாலும் அது துணித் தவளைதானே? அதற்குள் ஒரு கை இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

என் தம்பி மகனுக்கு நான்கு வயது இருக்கும்போது, பழைய சாக்ஸில் இரண்டு சட்டைப் பொத்தான் தைத்துக் கையில் மாட்டிக்கொண்டு அவனிடம் பேசினேன். என்னை அவன் பார்க்கவே இல்லை. சாக்ஸைப் பார்த்து, “உனக்குப் பசிக்குதா?” என்று கேட்டான். சமையலறைக்கு ஓடிப்போய் முறுக்கு எடுத்து வந்து ஊட்டினான். ஊட்டி முடித்ததும் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, “அத்தை, கையெல்லாம் எண்ணெய். நீங்க கை கழுவிக்கோங்க” என்றான். அவன் ஒரு நிமிஷம்கூட ஏமாறவில்லை. சாக்ஸுக்குப் பசி என்பதும் உண்மை, அத்தையின் கை என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவனுக்குச் சிரமமே இல்லை. வளர்ந்த பிறகு நாம் எப்போதும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்கிறோம். ஒன்றரை மணி நேரத்துக்கு அந்தப் பழைய திறமையைத் திரும்பப் பெறுவது எவ்வளவு சுகம்! கம்ப்யூட்டர் படங்களை நான் குறை சொல்லமாட்டேன், நானும் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் அங்கே எல்லாமே முடியும் என்பதால், நம் பங்காகச் செய்ய அதிகம் மிச்சமில்லை. பொம்மைக்குப் பாதி உயிரை நாம்தான் தர வேண்டியிருக்கிறது. நாம் கொடுத்த உயிர் போகிறபோது வலிக்கத்தானே செய்யும்?

மீதிப் பாதி உயிர் கடும் உழைப்பில் வருகிறது. நம் ஊர் பொம்மலாட்டத்தில் நூல் மேலிருந்து வரும். மப்பெட்டில் கலைஞர் கீழே இருப்பார். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, எதிரே ஒரு சின்ன மானிட்டரில் கேமரா பார்ப்பதையே தானும் பார்த்துக்கொண்டு ஆட்டுவார். வலது கை பொம்மையின் தலைக்குள் போய்விடும். இடது கைதான் பொம்மையின் கையை இயக்கும். அதனால் இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவை இடது கைக்காரர்கள். கெர்மிட்டின் முகத்துக்குள் இயந்திரம் எதுவும் கிடையாது. அவன் சங்கடப்பட்டு முகத்தைச் சுருக்கினால், உள்ளே விரல்கள் மடங்குகின்றன, அவ்வளவுதான். பேசும்போது கட்டைவிரல் மட்டும் கீழே இறங்க வேண்டும், மேலே உள்ள நான்கு விரலும் அசையக் கூடாது. அசைந்தால் பொம்மை ஒவ்வொரு சொல்லுக்கும் கூரையைப் பார்க்கும். மகளோடு ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டு செய்து பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் தோள் கடுக்கும்.

இவ்வளவு பேர் கீழே நிற்கவேண்டும் என்பதால் ஸ்க்ரூஜாக நடித்த மைக்கேல் கேனுக்கு நடக்கத் தரையே இருக்கவில்லை. பல காட்சிகளில் செட்டின் தரையை எடுத்துவிட்டு, அவர் நடப்பதற்குக் குறுகலான பலகைகளை மட்டும் போட்டிருந்தார்கள். ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியிருந்தவர். இந்தப் படத்துக்கு வந்தபோது, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நாடகக் குழுவில் நடிப்பது போலத்தான் நடிப்பேன், கண்ணடிக்கும் வேலையெல்லாம் இல்லை என்று பிரையனிடம் சொல்லிவிட்டார். சொன்னபடியே செய்தார். கெர்மிட்டைத் திட்டும்போது உண்மையாகத் திட்டுகிறார். அவன் வீட்டுத் துக்கத்தைப் பார்க்கும்போது முகம் உடைகிறது. ‘நாம் பொம்மைகளோடு விளையாடுகிறோம், பாருங்கள்’ என்று ஒரே ஒரு தடவை அவர் நம்மைப் பார்த்துச் சிரித்திருந்தால் போதும், உங்கள் கண்ணீர் வந்திருக்காது. பொம்மைகளோடு நடிக்கும் பெரிய நடிகர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பெரியவர்களுக்கும் பிடிப்பதற்குக் காரணம், குழந்தைக்கு ஒன்றும் பெரியவருக்கு வேறொன்றுமாகப் புரியும் ‘இரண்டு அடுக்கு ஜோக்’ என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மாதிரி ஜோக்குகள் வைத்து எடுத்த எத்தனையோ படங்களை நாம் மறுநாளே மறந்துவிட்டோம். மப்பெட் ஷோவில் வரும் ஃபோஸி என்ற கரடியைப் பாருங்கள். நகைச்சுவைக் கலைஞன், ஆனால் அவன் சொல்லும் ஜோக் எதற்கும் யாரும் சிரிப்பதில்லை. அந்தக் கிழவர்கள் ஒவ்வொரு தடவையும் அவனைக் கிழித்துப் போடுவார்கள். அடுத்த வாரம் அதே தொப்பியோடு மறுபடி மேடைக்கு வருவான். குழந்தைக்கு அது வேடிக்கை. காலையில் எழுந்து, நேற்று சரியாக வராத அதே வேலைக்கு மறுபடி கிளம்புகிறவருக்கு அது வேறு மாதிரித் தெரியும்.

உங்கள் மகள் சலிக்காமல் பார்ப்பாள் என்பதை 1992இல் ஸ்டுடியோ நம்பவில்லை. ஸ்க்ரூஜின் பழைய காதலி பிரிந்து போகும்போது பாடும் ‘வென் லவ் இஸ் கான்’ பாட்டைக் குழந்தைகள் பொறுமையாகக் கேட்கமாட்டார்கள் என்று திரையரங்குப் பிரதியிலிருந்து வெட்டினார்கள். அந்தப் பாட்டுக் காட்சியின் மூல ஃபிலிம் பல வருஷம் தொலைந்துபோனதாகவே இருந்தது. அப்புறம் கிடைத்து, 2022இல் முழு வடிவம் டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் தளத்தில் சேர்ந்தது. அந்தப் பாட்டின்போது சில குழந்தைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள் என்பது உண்மைதான். போகட்டும். கடைசிக் காட்சியில் அதே மெட்டு வேறு சொற்களோடு திரும்பி வருகிறது. முதல் பாட்டு இல்லாவிட்டால் அது திரும்பி வந்தது என்பதே யாருக்கும் தெரியாது. நீங்கள் பார்த்தது வெட்டிய பிரதியா என்று தெரியவில்லை. முழு வடிவத்தைத் தேடிப் பாருங்கள்.

இனி மகளின் கேள்வி. ஜிம் ஹென்சனே வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுத கேள்வி அது. கெர்மிட்டின் இடுப்புக்குக் கீழே ஓர் ஆள் இருக்கிறார், அதனால் கேமரா அங்கே போகாது. எப்போதும் ஒரு சுவர், ஒரு மேஜை, ஒரு ஜன்னல் திட்டு குறுக்கே வரும். 1979இல் வெளிவந்த முதல் மப்பெட் சினிமாவில் ஜிம் இதை உடைத்தார். ‘தி மப்பெட் மூவி’யில் கெர்மிட் சைக்கிளில் ஏறி, இரண்டு காலும் தெரிய மிதித்துக்கொண்டு போவான். மேலே ஒரு கிரேன், அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நூல்கள். அதே படத்தின் ஆரம்பத்தில் சதுப்புநிலத்தில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பேஞ்சோ வாசிப்பான். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு இரும்புத் தொட்டிக்குள் ஜிம் மடங்கி உட்கார்ந்து, கையை மட்டும் மேலே நீட்டியிருந்தார். மகளுக்கு அடுத்து அந்தப் படத்தைக் காட்டுங்கள். முதலில் ஒன்றும் சொல்லாமல் காட்டிவிட்டு, தொட்டி விஷயத்தை அப்புறம் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், ஆறாவது தடவை இந்தப் படத்தைப் போடும்போது, கிறிஸ்துமஸ் காலையில் கெர்மிட் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடியபடி வீட்டுக்கு வரும் தெரு வருமே, அங்கே நிறுத்துங்கள். பனிமூடிய கல் பாதை. கொஞ்சம் கீழே பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்த பச்சைக் கால் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்து நடந்து வருகிறது.